நன்றாக இருந்த நாளைப் பார்த்தவர்கள்

அக்கா,

இன்று காலை திருமுல்லைவாயில் ஸ்டேஷன் அருகே மருந்துக் கடையில் ஓம வாட்டர் புட்டி ஒன்று கீழே விழுந்து உடைந்தது. வாசனை தெருவரைக்கும் வந்தது. பக்கத்தில் நின்றிருந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு மட்டும் அம்பத்தூரில், எப்போதும் அதே வாசனை வீசும் உங்கள் வைத்திய அறைக்குள் நிற்பது போலிருந்தது. வாங்க வந்த மருந்தை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பட்டியல் போடாமல் எனக்கு எழுத வராது. “நீ காதல் கடிதம் எழுதினாலும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போடுவே தம்பி” என்பீர்கள். காதல் கடிதம் எழுதும் தைரியம் எனக்கு வந்ததே இல்லை. இதையாவது ஒழுங்காக எழுதுகிறேன். சொல்ல நினைப்பவை இவை:

1. உங்கள் அறையும், நோயாளிகளிடம் நீங்கள் பேசிய விதமும்.
2. நம் பொறுமை தீரும்போது நோயாளிகளை மாற்றிக்கொண்ட வழக்கம்.
3. ஆரோக்கியராஜ் உங்களிடம் கேட்டதும், நீங்கள் செய்ததும்.
4. மனநோய்க்காக ஒருவர் சாவதற்கு மருத்துவர் உதவலாமா என்று உங்கள் மகள் கேட்ட கேள்வி. அந்த முடிவில் குடும்ப மருத்துவருக்கு இடம் இருக்கக் கூடாது என்று நான் எழுதினேன். அது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.
5. போன வாரம் நடந்தது.

உங்கள் அறை ஒரு தையல் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் இருந்தது. மில் ஓடும்போது ஸ்டெதாஸ்கோப்பில் இதயம் கேட்காது, மில்தான் கேட்கும். “கொஞ்சம் நிறுத்துய்யா, ஒரு நெஞ்சு பாக்கணும்” என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுப்பீர்கள். மில்காரரும் நிறுத்துவார். மிளகாய் அரைக்கும் நாட்களில் நீங்களும் நோயாளியும் சேர்ந்தே தும்முவீர்கள். வேறு இடம் பார்க்கலாமே என்று நான் சொன்னபோது, “சளி இருக்கா இல்லையான்னு மில்காரரே சொல்லிடறார், எனக்கு வேலை மிச்சம்” என்றீர்கள்.

கல்லூரியில் நீங்கள் எனக்கு மூன்று வகுப்பு மூத்தவர். உடற்கூறு அறையில் முதல் நாளே மயங்கி விழுந்த என்னைத் தூக்கி உட்காரவைத்தது நீங்கள்தான். “செத்தவங்க ஒண்ணும் செய்ய மாட்டாங்க தம்பி. உயிரோட இருக்கறவங்களுக்குத்தான் நீ பயப்படணும்” என்றீர்கள். அன்று தொடங்கிய அக்காவும் தம்பியும் எனக்கு எழுபது வயது கடந்த பிறகும் மாறவில்லை. நீங்கள் சொன்னபடி உயிரோடிருப்பவர்களுக்குப் பயந்துகொண்டேதான் நானும் இத்தனை காலம் வைத்தியம் பார்த்தேன்.

“எப்படி இருக்கே?” என்று நீங்கள் யாரையும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு பொய் தயாராக இருக்கிறது என்பது உங்கள் கட்சி. “காலையில என்ன சாப்ட்டே? யார் செஞ்சா? நீ சாப்பிடும்போது அவங்க சாப்ட்டாங்களா?” என்று கேட்பீர்கள். நோயாளி இட்லி, சட்னி என்று ஆரம்பித்து, மருமகள் கோபித்துக்கொண்டு போனது, மகன் குடிப்பது என்று தானாகவே வந்து சேர்வார். நானும் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். இட்லி என்றார்கள். அதோடு நின்றுவிட்டது. உங்களைப் போல் பதிலுக்குக் காத்திருக்க எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடம் மௌனமாக இருந்தாலே பிரஷர் பட்டையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்துவிடுவேன்.

இனி அந்த வழக்கத்தைப் பற்றி. என்னிடம் பல வருடத் தலைவலியோடு ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது. அவர் செருப்பை வாசலில் கழற்றும் சத்தம் கேட்டாலே எனக்குச் சலிப்பு வந்துவிடும். இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்களாகத்தான் ஒரு நாள் கேட்டீர்கள்: “உள்ளே வரும்போதே வயித்துல கல்லு விழற மாதிரி உனக்கு யாராவது இருக்காங்களா?” நான் தலையாட்டினேன். “எனக்கும் ஒருத்தர் இருக்கார். மாத்திக்கலாம் வா” என்றீர்கள்.

அப்படித்தான் தொடங்கியது. உங்களுக்குப் பொறுமை தீர்ந்தவர் ஒரு ஸ்டேஷன் தள்ளி என்னிடம் வருவார், என் ஆள் உங்களிடம் போவார். இரண்டு மாதம் கழித்து அவரவர் இடத்துக்குத் திரும்புவார்கள். நான் இதை நோயாளிக்குத் தெரியாமல், இன்னொரு டாக்டரின் கருத்துக்காக அனுப்புகிறேன் என்று சுற்றிவளைத்துச் சொல்வேன். நீங்கள் முகத்துக்கு நேரே சொல்வீர்கள்: “எனக்கு யோசனை தீந்துபோச்சு. உன்மேல கோவம் வர ஆரம்பிச்சிடுச்சு, அது உனக்கு நல்லதில்ல. பக்கத்து ஸ்டேஷன்ல ஒரு டாக்டர் இருக்கார். பயந்த சுபாவம். ஆனா எதையும் விட மாட்டார். போய்ட்டு வா.” இப்படிச் சொன்னதற்காக ஒருவர்கூட உங்களைக் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. ஆரோக்கியராஜ் மட்டும் என் அறைக்குள் வரும்போதெல்லாம், “வணக்கம் டாக்டரே, அம்மா என்னிய மறுபடி டிரான்ஸ்பர் பண்ணிட்டாங்கோ” என்பார்.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். அப்பாவுக்கும் அங்கேதான் வேலை என்பதால் குவார்ட்டர்ஸிலேயே பிறந்து, குவார்ட்டர்ஸ் மாதா கோவிலிலேயே கல்யாணமும் முடித்தவர். இளம் வயதிலேயே மனச்சோர்வு நோய் வந்துவிட்டது. மழைக்காலம் போல வரும், போகும். ஓய்வு பெற்ற பிறகு வந்தது மட்டும் போகவில்லை. “பேர்ல தாங்க ஆரோக்கியம் கீது” என்று சொல்லிக்கொள்வார். அதைச் சொல்லும்போது சிரிக்கிறாரா இல்லையா என்பதை வைத்தே நீங்கள் நோயின் அளவைக் கணிப்பீர்கள்.

ஒரு சனிக்கிழமை நான் உங்கள் அறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவரும் மனைவி ஸ்டெல்லாவும் வந்தார்கள். உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

“டாக்டரம்மா, நேரா கேக்கறேன். வெளிநாட்ல ஊசி போட்டு அனுப்பிச்சிடறாங்களாமே. மனசு சரியில்லாதவனுக்கும் போடலாமான்னு பேசிகினு கீறாங்களாம், போன்ல பாத்தேன். நாய் கஸ்டப்பட்டாகூட தூங்க வெக்கிறாங்கோ. எனக்கு இன்னா கொறச்சல்?”

“டிரெயின்ல வர சொல்ல ஃபுல்லா இதே பேச்சும்மா” என்றார் ஸ்டெல்லா. “எதிர்ல குந்தினு இருந்த பொம்பள எய்ந்து வேற எடத்துக்குப் பூட்டா.”

எனக்கு, சட்டம் இடம் கொடுக்காது என்று சொல்ல வேண்டும், உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், அப்படிப் பேசக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்று வரிசையாகத் தோன்றியது. அதற்குள் நீங்கள் பேசிவிட்டீர்கள்.

“கேட்டுட்டேன் ராஜ். இங்க யாரும் போட முடியாது. முடிஞ்சாலும் நான் போட மாட்டேன். ஆனா நீ கேட்டது தப்பில்ல. ஏன் கேக்கறேன்னு சொல்லாம மட்டும் எந்திரிக்கக் கூடாது. டீ சொல்லட்டுமா?”

“வேணாம்மா.”

என் காதில் அது வெறும் ‘வேணாம்’. நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். எவ்வளவு மோசமான நாளிலும் உங்கள் அறையில் அவர் டீ வேண்டாம் என்று சொன்னதில்லை என்பது பிறகு நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்காததுபோல் டீ வரவழைத்தீர்கள். கிளாஸ் அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. அவர் கைகள் மேசைக்குக் கீழேயே இருந்தன.

“கையை மேல வை.”

அவர் வைக்கவில்லை. ஸ்டெல்லாதான் ஒரு கையைப் பிடித்து மேலே கொண்டுவந்தார். அது மேசைமேல் தாளம் போடுவதுபோல ஆடியது.

“ரெண்டு மாசமா இப்டித்தாம்மா. நாந்தான் சவரம் பண்ணி உடறேன். மாத்தர எய்தற பெரிய டாக்டராண்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினாரு.”

“எத்தினி நுணுக்கமான வேல செஞ்ச கை தெரியுமாம்மா இது?” என்றார் ஆரோக்கியராஜ். “இப்ப பொண்டாட்டி மூஞ்ச வழிச்சு உடறா. நூம்பல்ல பொண்ணு புள்ள பெத்துகினு கீது. போய் இருந்துட்டு வாடின்னா, உன்ன யாரு பாப்பாங்கன்றா. நான் பூட்டா அவ போவால்ல?”

நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவர் முன்னாலேயே, மாத்திரை எழுதிய அந்த மனநல மருத்துவரைப் போனில் பிடித்தீர்கள். நடுக்கம் புதிதாகச் சேர்த்த மாத்திரையால் வந்திருக்கலாம் என்று, அதன் அளவு ரத்தத்தில் எவ்வளவு எனப் பார்க்க ஏற்பாடு செய்தீர்கள். மாத்திரையெல்லாம் ஸ்டெல்லாவிடம் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் இருப்பு இருக்கக் கூடாது என்றீர்கள். மாத்திரை அளவு குறைந்து சில வாரங்களில் நடுக்கம் பெரும்பாலும் நின்றது. ஸ்டெல்லா நூம்பலில் மகள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தார். அந்த நாட்களில் காலையில் ஆரோக்கியராஜ் உங்கள் பக்கத்து மாவு மில்லில் உட்கார்ந்திருந்தார். மில்லின் பெல்ட் சரியாக மாட்டப்படவில்லை என்று மில்காரரோடு சண்டையும் போட்டார். சண்டைச் சத்தம் கேட்டு நான் பயந்தேன். நீங்கள், “நல்ல அறிகுறி, நடுவுல போகாதே” என்றீர்கள்.

நான் உங்களைப் பாராட்டியபோது நீங்கள் அதை ஏற்கவில்லை. “நோய் போகல தம்பி. கை நடுக்கந்தான் போச்சு. மறுபடியும் கேப்பான்.”

“கேட்டா?”

“மறுபடியும் ஏன்னு கேப்பேன். அப்ப வேற காரணம் இருக்கும்.”

அவர் மறுபடி கேட்கத்தான் செய்தார். ஒரு முறைக்கு மேலேயே கேட்டார். நீங்களும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டீர்கள்.

ஏறக்குறைய அதே சமயம்தான் உங்கள் மகள் ஷீலாவின் கேள்வி வந்தது. அவள் குடும்ப மருத்துவராக இருக்கும் நாட்டில், தீராத உடல் நோயால் அவதிப்படுபவர் கேட்டால் மருத்துவர் உதவியோடு சாக அனுமதி இருக்கிறது. நம் நாட்டில் அது இல்லை. பிழைக்க வழியில்லாத நிலையில் உயிரை இழுத்துப் பிடிக்கும் கருவிகள் வேண்டாம் என்று சொல்ல மட்டுமே இங்கே இடம் உண்டு. அவள் நாட்டில், மனநோய் மட்டுமே உள்ளவருக்கும் அந்த அனுமதியை நீட்டலாமா, நீட்டினால் என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று குடும்ப மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். “நீங்க ரெண்டு பேரும் இத்தனை வருஷம் பாத்திருக்கீங்க. என் கருத்தோட சேத்து அனுப்பறேன், எழுதிக் குடுங்க” என்றாள்.

நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒருவரையொருவர் அறியாத இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியே பார்க்க வேண்டும். கேட்டதற்கும் முடிவுக்கும் இடையே நீண்ட காலம் இருக்க வேண்டும். செய்யக்கூடிய சிகிச்சை எதுவும் செய்யாமல் விடப்பட்டிருக்கக் கூடாது. தனிமையோ வறுமையோ நோயின் வேடத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடும்பத்தார் இல்லாமல் நோயாளியிடம் பேச வேண்டும். இப்படி ஐந்து எழுதினேன். ஆறாவதாக, குடும்ப மருத்துவரிடம் பழைய மருத்துவ விவரங்களை மட்டும் வாங்கிக்கொண்டு, முடிவிலிருந்து அவரை விலக்கி வைக்க வேண்டும் என்று எழுதினேன்.

தாளை வாங்கிப் படித்தீர்கள். மில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

“அஞ்சும் சரி. உன்ன மாதிரி யாரும் எழுத முடியாது. இந்த ஆறாவது ஏன்?”

“நாம ரொம்பக் கிட்ட இருக்கோம் அக்கா. அவங்க வீட்டுக் கல்யாணத்துல சாப்பிடறோம். ஸ்டெல்லா அழுதா நமக்குத் தூக்கம் வர்றதில்ல. வீட்ல இருக்கறவங்க சலிச்சுப்போய், அது நோயாளி வாயில வார்த்தையா வந்தா நமக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியுமா? தூரத்துல இருக்கறவங்க முடிவு பண்ணட்டும்.”

“தூரத்துல இருந்தா தப்பு வராதா?”

“வரும். பாரபட்சம் வராது.”

நீங்கள் சிரித்தீர்கள். “பாரபட்சம் வேணும்டா தம்பி. ஒருத்தராவது அவன் பக்கம் இருக்க வேணாமா?”

அது வாதமே இல்லை என்று நான் சொன்னேன். உங்களிடம் நான் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன். நீங்கள் கோபப்படவில்லை. யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: “கிட்ட இருக்கறவன் தப்பு பண்ணுவான், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் நாம ஒரு ஸ்டேஷன் தள்ளி அனுப்பறோம். ஆனா அவன் நல்லா இருந்தப்போ எப்படி இருந்தான்னு பாக்காதவங்க, இப்ப பேசறது அவனா நோயான்னு எதை வெச்சு சொல்லுவாங்க?”

அப்போதும் நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு எழுதிவிட்டதை அழிப்பது சிரமம்.

நீங்கள் எழுதியது ஒரு பக்கம்கூட இல்லை. ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர், ‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள் என்று நினைத்திருந்தேன். “என் சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். ஷீலா ஊர்ச் சட்டத்துக்கு என் சாமியை ஏன் கூட்டிட்டு வரணும்?” என்றீர்கள். உடல் நோயில், இனி மாற்றமில்லை என்று சில சமயம் உங்களால் சொல்ல முடிந்திருக்கிறது. மனநோயில் அப்படி நினைத்த ஒவ்வொரு தடவையும் நீங்கள் தவறாகவே நினைத்திருக்கிறீர்கள் என்று எழுதினீர்கள். சாவைக் கேட்பதற்கு முன்னால் அவர் வேறு எதைக் கேட்டார், அது ஏன் கிடைக்கவில்லை என்று விசாரிக்க வேண்டும் என்று எழுதினீர்கள். கடைசியாக, கையெழுத்திடும் மருத்துவர், தனக்கு இந்த நோயாளிமேல் சலிப்பு வந்திருக்கிறதா என்று தன்னைக் கேட்டுக்கொண்டு பதிலை எழுதித் தர வேண்டும், வந்திருந்தால் ஆளை மாற்ற வேண்டும் என்று எழுதினீர்கள். படித்துவிட்டு நான் வெட்கப்பட்டேன். என் ஆறு விதிகளும் நோயாளியையும் குடும்பத்தையும் குடும்ப மருத்துவரையும் சந்தேகப்பட்டன. கையெழுத்திடும் மருத்துவரைச் சந்தேகப்பட உங்களுக்குத்தான் தோன்றியது.

என் தாளை அனுப்ப வேண்டாம் என்று கேட்டேன். “உன் பயமும் ஒரு கருத்துதான். போகட்டும்” என்று ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் உங்கள் தாளோடு சேர்த்து அனுப்பினீர்கள்.

அதன் பிறகு உங்கள் நோய். வயிற்றில் வந்த புற்று, ஈரலுக்கும் போயிருந்தது. குழாயும் கருவியும் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டபோது சாட்சியாக என்னை அழைத்தீர்கள். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். “சாவு வேணும்னு எழுதலடா, கொழா வேணாம்னு எழுதியிருக்கேன். போடு” என்றீர்கள். போட்டேன்.

ஆரோக்கியராஜை வரவழைத்து, இனி திருமுல்லைவாயிலுக்குப் போகச் சொன்னீர்கள்.

“எத்தினி மாசம்மா டிரான்ஸ்பரு?”

“இந்தத் தடவை திரும்பி வர்றது இல்ல ராஜ்.”

அவர் உங்கள் மெலிந்த கையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். “க்யூல மொதல்ல நின்னது நானு. டிக்கெட்ட உங்களாண்ட குட்த்துட்டான் பாரு” என்றார். ஸ்டெல்லா அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். நீங்கள் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, தண்ணீர் குடித்த பிறகும் சிரித்தீர்கள்.

நீங்கள் போன பிறகு கொஞ்ச காலம் அவர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தார். இந்த மழைக்காலத்தில் சரிந்துவிட்டார். முதலில் மாத்திரையை நிறுத்தினார், பிறகு சாப்பாட்டை. ஸ்டெல்லாவும் நானும் சேர்ந்துதான் மருத்துவமனையில் சேர்த்தோம். போன வாரம் அங்கிருந்து மனநல மருத்துவர் போன் செய்தார். சின்ன வயது, மரியாதையான குரல்.

“சார், வாழ்க்கையில ஒரு நாள்கூட நல்லா இருந்ததில்லன்றார். மனைவிகிட்ட கேட்டா, அவங்களும் அழுதுட்டு ஆமான்றாங்க. இதுவரைக்கும் குடுக்காத மின்சிகிச்சையைக் குடுத்துப் பாக்கலாம்னு நினைக்கறேன். கையெழுத்துப் போட மாட்டேன்றார். நடுவுல முழுசாத் தெளிஞ்ச காலம் இருந்திருந்தா பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம், நானும் விடாம பேசிப் பாப்பேன். எப்பவுமே இப்படித்தான்னா, மனசு வராதவரை எவ்வளவு வற்புறுத்தறதுன்னு யோசிக்கறேன். அப்படி ஒரு காலம் இருந்திருக்கா சார்?”

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பதுதான் எதற்கும் என் பதில். அன்று வாய் தானாகத் திறந்தது. “இருந்திருக்கு. வருஷக்கணக்கா இருந்திருக்கு. நானே பார்த்திருக்கேன்” என்றேன்.

மறுநாள் வார்டுக்குப் போனேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஸ்டெல்லா காலடியில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். பிறகு நீங்கள் செய்வதுபோல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ராஜ், ஒரு நாளும் நல்லா இருந்ததில்லன்னு சொன்னீங்களாம்.”

“ஆமா.”

“நான் பார்த்திருக்கேன்.”

நான் அந்த நாளைச் சொன்னேன். நீங்கள் அவரை முதன்முதல் என்னிடம் மாற்றி அனுப்பிய பிறகு ஒரு நாள், லேத்தில் விரலைக் கிழித்துக்கொண்டு ஸ்டெல்லாவோடு ஊசி போட வந்திருந்தார். கூட்டம் அதிகம். நான் ஊசியை எடுத்துக் கிட்டே போனதும் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி, “இன்னா டாக்டரே, குத்தறதும் நீங்கோ, கண்ண மூடிக்கறதும் நீங்களா?” என்றார். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த வாரமே என் எடை பார்க்கும் மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று கழற்றி எடுத்துப் போய்ச் சரிசெய்து கொண்டுவந்தார். “இத்தினி நாளா ஊர்ல எல்லாரையும் குண்டாக்கி வெச்சிருந்தீங்கோ” என்றார்.

அவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

“நானா? சிரிச்சேனா?”

“நீங்க சிரிச்சீங்க, ஸ்டெல்லா சிரிச்சாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு.”

“அட, ஆமாய்யா” என்றார் ஸ்டெல்லா மெதுவாக. “நானே மறந்துட்டேனே.”

“எனக்கு நெனப்பே இல்லியே.”

“எனக்கு இருக்கு.”

“நீங்கோ பொய் சொல்ல மாட்டீங்கோ. அதுக்கு தெகிரியம் ஓணும்” என்றார் ஆரோக்கியராஜ். பிறகு, “கையெய்த்து எங்க போடறது?” என்று ஸ்டெல்லாவைக் கேட்டார்.

சிகிச்சை தொடங்கியிருக்கிறது. பலன் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நேற்று ஸ்டெல்லா போனில், கஞ்சி குடித்தார் என்றும், உப்பில்லை என்று திட்டினார் என்றும் சொன்னார். அதற்குமேல் எதுவும் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐந்தாவதை எழுதி முடித்துவிட்டுப் பட்டியலை மறுபடி பார்க்கிறேன். இதே ஆரோக்கியராஜ் ஷீலாவின் ஊரில் இருந்து, அந்த அனுமதியும் அங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு நல்ல மருத்துவர்கள் தனித்தனியே வந்து கேட்டிருப்பார்கள். ஒரு நாளும் நன்றாக இருந்ததில்லை என்று இருவரிடமும் ஒரே பதிலைச் சொல்லியிருப்பார். மனைவியும் அழுதுகொண்டே ஆமாம் என்றிருப்பார். எவ்வளவு நீண்ட காலம் காத்திருந்தாலும் அந்தப் பதில் மாறியிருக்காது, ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. நோய் அவருடைய நல்ல நாட்களை அவரிடமிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவை வெளியே வேறு ஒருவரிடம் பத்திரமாக இருந்தன. அந்த ஒருவரை வாசலிலேயே நிறுத்தி வைக்கச் சொல்லி நான் விதி எழுதியிருந்தேன்.

நான் சாட்சி சொல்லத்தான் போனேன், முடிவு செய்யவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பழைய விவரங்களைத் தரலாம் என்று நானும் எழுதியிருந்தேனே என்றும் தோன்றியது. ஆனால் எந்த விவரத் தாளிலும் அந்தச் சிரிப்பு ஏறியிருக்காது. யாராவது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் பக்கம் சாய்ந்துகொண்டு அதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் பாரபட்சம் என்று சொன்னது இதைத்தான். அது வாதமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் நோயாளிகளில் பலர் இப்போது என்னிடம் வருகிறார்கள். அவர்கள் நன்றாக இருந்த நாட்கள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. அவர்கள் மறந்தாலும் நான் மறக்கக் கூடாதவை. என் வயதில் அது சுலபமில்லை. ஆனாலும் சுமக்கிறேன்.

பட்டியலைத் திருத்தி வேறு தாளில் எழுதலாம். திருத்தவில்லை, அப்படியே இருக்கட்டும். ஷீலாவுக்கு இன்றே எழுதப்போகிறேன், நம்பர் போடாமல், ஒரே வரியில். உங்களிடமும் அதையே சொல்கிறேன்: பட்டியலில் நான்காவது தவறு, அக்கா. நான் எழுதியது தவறு.